லோன் ஆப்புக்கு ‘அலவ்’ கொடுத்துவிட்டேன், இனி எனக்கு உரிமையே இல்லையா?

கொங்கு பகுதியில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் 34 வயதுச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

பள்ளி திறக்கும் நேரம். மகனுக்குக் கட்டணம் கட்ட வேண்டும், கணவருக்கு அந்த மாதம் சரியாக வேலை இல்லை. ஃபேஸ்புக்கில் வந்த விளம்பரத்தைத் தொட்டதும் வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வந்திருக்கிறது, அதன் வழியாக ஒரு லோன் ஆப்பைப் போனில் ஏற்றியிருக்கிறார். ஆதார், பான் கார்டு, ஒரு செல்ஃபி வீடியோ கேட்டது. அப்புறம் காண்டாக்ட், போட்டோ, எஸ்.எம்.எஸ்., லொகேஷன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டது, எல்லாவற்றுக்கும் ‘அலவ்’ கொடுத்துவிட்டார். 6,000 ரூபாய் கடன் என்று காட்டிவிட்டுக் கணக்கில் போட்டது 3,600. ஏழாம் நாள் 6,000 கட்டச் சொன்னார்கள். முடியாதபோது அதே ஆட்கள் இன்னொரு ஆப்பின் லிங்க்கை அனுப்பி, அதில் வாங்கி இதை அடைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு மாதத்தில் கைக்கு வந்தது 19,000, கட்டியது 41,000, இன்னும் 14,500 பாக்கி என்கிறார்கள். போன வாரம் அவருடைய செல்ஃபியை ஒரு ஆபாசப் படத்தோடு ஒட்டி, மகனின் வகுப்பு ஆசிரியைக்கும் கொழுந்தனாருக்கும் கம்பெனி சூப்பர்வைசருக்கும் அனுப்பிவிட்டார்கள். பயந்துபோய் ஆப்பை எல்லாம் அழித்துவிட்டார். கணவருக்கு இன்னும் எதுவும் தெரியாது.

“நானே படிக்காமல் எல்லாவற்றுக்கும் சம்மதம் கொடுத்துவிட்டேன் மேடம். நான் எதை வைத்துப் புகார் கொடுப்பது? போலீசுக்குப் போனால் கடன் கட்டாததற்கு என்னையே பிடிப்பார்களா? பாக்கியைக் கட்டிவிட்டால் நிறுத்திவிடுவார்களா? என் ஆதாரும் பானும் அவர்களிடம் இருக்கிறதே, அதை என்ன செய்வது? வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது? சில ராத்திரி தப்பு தப்பாக யோசனை வருகிறது” என்று முடித்திருக்கிறார்.

சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். அந்த யோசனை வரும் ராத்திரியில் தனியாக உட்கார்ந்திருக்காதீர்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. வழக்கு, புகார், பணம் எல்லாம் சரிசெய்யக்கூடிய விஷயங்கள், இதே போன்ற கடிதத்தோடும் இதே போன்ற படத்தோடும் வந்த பல பெண்கள் இன்று தங்கள் வேலையில், தங்கள் வீட்டில் இருக்கிறார்கள் என்பதை ஒரு வக்கீலாக எனக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் குற்றம் எதுவும் செய்யவில்லை. உங்கள் மீதுதான் குற்றம் நடந்திருக்கிறது.

நீங்கள் கொடுத்த சம்மதம் எதற்கு?

உங்கள் கடிதம் முழுக்க ஒரு எண்ணம் ஓடுகிறது: ‘அலவ்’ அழுத்தியது என் விரல், ஆகவே அதன் பிறகு நடப்பது எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு. படித்தவர், படிக்காதவர் எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், அந்தக் கும்பலும் உங்களை இப்படியே நினைக்க வைக்கத்தான் “நீங்களே ஒப்புக்கொண்டீர்களே” என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில், அந்தரங்க உரிமை என்பது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையோடு சேர்ந்த அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். புட்டசாமி வழக்கு என்று சொல்வோம். ஆதாரை எதிர்த்து ஓய்வுபெற்ற கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் போட்ட வழக்கு. அதற்கு முன்பே, 1994-இல், நக்கீரன் ஆசிரியருக்கும் தமிழக அரசுக்கும் நடந்த வழக்கில், ஒவ்வொருவருக்கும் தன் குடும்பம், திருமணம், தாய்மை போன்ற சொந்த விஷயங்களில் பிறர் தொந்தரவில்லாமல் இருக்கும் உரிமை உண்டு என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, இது நேற்று முளைத்த உரிமை இல்லை. அதைப் போனில் ஒரு பொத்தானைத் தொட்டு மொத்தமாக எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது.

2023 ஆகஸ்டில் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதம் எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. அது தானாக முன்வந்து கொடுத்ததாக, எதற்கு என்று குறிப்பாகத் தெரிந்து கொடுத்ததாக, நிபந்தனை இல்லாததாக இருக்க வேண்டும். அந்தக் காரியத்துக்குத் தேவையான தகவலுக்கு மட்டுமே அது பொருந்தும். சட்டத்திலேயே ஒரு உதாரணம் கொடுத்திருக்கிறார்கள், உங்கள் நிலைமையைப் பார்த்து எழுதியது போலவே இருக்கும். ஒரு பெண் போன் வழியாக மருத்துவ ஆலோசனை தரும் ஆப்பை இறக்குகிறார், அது சிகிச்சைக்கான தகவலையும் கேட்கிறது, காண்டாக்ட் லிஸ்டையும் கேட்கிறது, அவர் இரண்டுக்கும் சரி என்கிறார். மருத்துவ ஆலோசனைக்குக் காண்டாக்ட் லிஸ்ட் தேவையில்லை, ஆகவே அந்தச் சம்மதம் முதல் விஷயத்துக்கு மட்டுமே செல்லும். இரண்டுக்கும் சரி சொன்ன பிறகும் இதுதான் நிலை. மருத்துவ ஆப்புக்கே அப்படி என்றால், 3,600 ரூபாய் கொடுக்க உங்கள் மகனின் ஆசிரியை எண் எதற்கு?

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின, நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும் என்று வைத்திருக்கிறார்கள். அதுவரை இந்தச் சட்டம் உங்கள் வாதத்துக்கு வலு சேர்க்கும், புகார் கொடுக்கும் இடமாக இருக்காது. கவலைப்படாதீர்கள், உங்கள் விஷயத்துக்கு அதைவிடக் கூர்மையான சட்டங்கள் ஏற்கெனவே இருக்கின்றன, கீழே வருகிறேன்.

அப்புறம் யாரும் யோசிக்காத ஒரு பக்கம் இருக்கிறது. உங்கள் போனில் இருக்கும் சில நூறு எண்களும் உங்களுடையவை அல்ல. அவை உங்கள் அண்ணியின் எண், பக்கத்து வீட்டுப் பாட்டியின் எண், பால்காரரின் எண். அவர்கள் யாரும் எந்த ஆப்புக்கும் சரி சொல்லவில்லை, அவர்களுக்காக நீங்கள் சம்மதம் கொடுக்கவும் முடியாது. இதை உங்களைக் குற்றம் சொல்லச் சொல்லவில்லை. அந்தப் படம் போய்ச் சேர்ந்த ஆசிரியையும் சூப்பர்வைசரும் கூடப் பாதிக்கப்பட்டவர்கள், அவர்களும் தனியாகப் புகார் கொடுக்கலாம், கொடுத்தால் உங்கள் வழக்கு வலுவாகும். நம்மில் பலர் அந்தரங்கத்தை ‘என் விஷயம்’ என்று மட்டும் நினைக்கிறோம். காண்டாக்ட் லிஸ்டைத் திறந்து விடும்போது வீட்டுச் சாவியோடு தெருவில் உள்ள எல்லார் வீட்டுச் சாவியையும் சேர்த்துக் கொடுத்தது போல ஆகிவிடுகிறது.

ஆப் உள்ளே வந்து என்ன செய்தது?

இதைத் தெரிந்துகொள்வது பழியை யார் மேல் போடுவது என்பதற்காக அல்ல, அடுத்து என்ன செய்வது என்பதற்காக. நீங்கள் காண்டாக்ட் அனுமதி கொடுத்த சில நொடியிலேயே முழு லிஸ்டும் அவர்கள் சர்வருக்கு நகலாகப் போயிருக்கும். ஆகவே ஆப்பை அழித்தால் தகவலும் அழிந்துவிடும் என்ற உங்கள் எண்ணம் சரியல்ல. இனிமேல் புதிதாக எடுப்பதை மட்டுமே அது நிறுத்தும். எஸ்.எம்.எஸ். அனுமதி இருந்தால் வங்கியிலிருந்து வரும் செய்திகளைப் படித்து, சம்பளம் எந்தத் தேதி வருகிறது, கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முடியும். உங்களுக்குச் சம்பளம் ஏறிய அன்று சாயங்காலமே போன் வந்தது என்று ஆச்சரியப்பட்டு எழுதியிருக்கிறீர்கள், அதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். கே.ஒய்.சி., அதாவது ஆள் அடையாளச் சரிபார்ப்பு என்று சொல்லி எடுத்த செல்ஃபி வீடியோதான் அந்த மார்ஃபிங் (ஒட்டு வேலை) படத்துக்கு முகம்.

கடன் கொடுக்கும் ஆப்கள் காண்டாக்டையும் போட்டோவையும் தொடக் கூடாது என்று கூகுள் 2023 மே 31 முதல் பிளே ஸ்டோரில் விதி வைத்திருக்கிறது. 60 நாளுக்குள் முழுத் தொகையையும் திருப்பிக் கேட்கும் கடன் ஆப்களுக்கு அதற்கு முன்பே அங்கே தடை. ஏழு நாள் கடன் என்பதே அங்கு நிற்க முடியாது, அதனால்தான் விளம்பரம், வாட்ஸ்அப் லிங்க், நேரடியாக இறக்கும் ஏ.பி.கே. ஃபைல் என்று வேறு வாசல் தேடுகிறார்கள். உங்களிடம் வந்தது அந்த வாசல் வழியாகத்தான். பிளே ஸ்டோரில் இருப்பதெல்லாம் நல்லது என்றும் நான் சொல்ல மாட்டேன். ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2021 ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதத்தில் இந்திய ஆண்ட்ராய்டு ஆப் ஸ்டோர்களில் பார்த்தபோது ஏறத்தாழ 1,100 கடன் ஆப்கள் இருந்தன, அதில் 600 சட்டவிரோதமானவை. அதன் பிறகு கூகுள் ஆயிரக்கணக்கில் எடுத்துப் போட்டது, புதிய பெயரில் திரும்பவும் முளைத்தன.

ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் கொண்டுவந்து 2025 மே மாதம் புதுப்பித்த விதிகளின்படி, முறையாகப் பதிவு செய்த வங்கியோ நிதி நிறுவனமோ நடத்தும் ஆப் உங்கள் ஃபைல், காண்டாக்ட், கால் விவரம் எதையும் தொடக் கூடாது. கேமரா, மைக், லொகேஷன் ஆகியவற்றை ஆள் அடையாளம் சரிபார்க்க ஒருமுறை மட்டும், அதுவும் கேட்டுவிட்டுத் தொடலாம். கடன் தொகை நேரே உங்கள் கணக்குக்கு வர வேண்டும், நீங்கள் கட்டுவதும் நேரே அந்த நிறுவனத்தின் கணக்குக்குப் போக வேண்டும். வட்டி, கட்டணம் எல்லாம் சேர்ந்த ஆண்டு விகிதத்தை ஒரே தாளில் முன்கூட்டியே காட்ட வேண்டும். நீங்கள் வாங்கிய 3,600-க்கு ஏழு நாளில் 2,400 கூடுதல். வாரத்துக்கு ஏறத்தாழ 67 சதவீதம், வருடத்துக்குக் கணக்குப் போட்டால் 3,400 சதவீதத்துக்கும் மேல். மீட்டர் வட்டியையும் கந்துவட்டியையும் குற்றமாக்க 2003-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது, இந்த ஆப் அந்த மீட்டர் வட்டிக்காரரையும் தாண்டிவிட்டது.

“என்னைப் பிடித்து உள்ளே போடுவார்களா?”

மாட்டார்கள். கடனைக் கட்ட முடியாமல் போவது குற்றமே இல்லை, அது சிவில் விவகாரம். பணம் இருந்தும் ஏமாற்றும் நோக்கத்தோடு மறுப்பவரைத் தவிர, இயலாமையால் கட்டாதவரைச் சிறைக்கு அனுப்ப முடியாது என்று 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாட்ஸ்அப்பில் ‘கோர்ட் நோட்டீஸ்’, ‘அரெஸ்ட் வாரண்ட்’ என்று சீல் குத்திய படம் அனுப்பியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அது போலி, அதுவும் ஒரு சாட்சியம், பத்திரமாக வையுங்கள். எந்த நீதிமன்றமும் ஒரு லோன் ஏஜெண்ட்டின் வாட்ஸ்அப்பிலிருந்து பிடிவாரண்ட் அனுப்பாது.

உள்ளே போக வேண்டியவர்கள் அவர்கள். மிரட்டிப் பணம் பறிப்பது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆவது பிரிவின்படி ஏழு ஆண்டு வரை தண்டனை. ஒரு பெண்ணின் ஒழுக்கத்தைக் களங்கப்படுத்துவேன் என்று மிரட்டினால் 351-ஆவது பிரிவில் அதே ஏழு ஆண்டு வரை. ஆபாசப் படத்தை மின்னணு வழியில் அனுப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67, அப்பட்டமான பாலியல் படமாக இருந்தால் 67ஏ, முதல் முறையிலேயே ஐந்து ஆண்டு வரை. இதற்கு மேல், 2025-இல் தமிழ்நாடு சட்டமன்றம் கடன் வசூலில் கட்டாயப்படுத்துவதைத் தடுக்கத் தனிச் சட்டம் நிறைவேற்றி அது அமலுக்கும் வந்துவிட்டது. டிஜிட்டல் கடனும் அதில் அடக்கம், கடன் வாங்கியவரையோ குடும்பத்தாரையோ துன்புறுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை. புகாரில் பிரிவு எண்களை நீங்கள் எழுத வேண்டிய அவசியமில்லை, நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும். ஆனால் யாராவது “கடன் வாங்கினது உன் தப்புதானே” என்று திருப்பி அனுப்பப் பார்த்தால், உங்களுக்கு இவை தெரிந்திருப்பது நல்லது.

பாக்கியைக் கட்டிவிடலாமா?

இதில் நான் தயங்காமல் சொல்கிறேன்: அவர்கள் அனுப்பும் தனிநபர் யு.பி.ஐ. எண்ணுக்கு இனி ஒரு ரூபாய் போடாதீர்கள். 19,000 வாங்கி 41,000 கட்டிவிட்டீர்கள். அந்தப் படம் வந்தது எப்போது? கடைசியாக 5,000 கட்டிய மறுநாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கட்டினால் நிற்பதில்லை, கட்டுகிறவர் பயப்படுகிறார் என்று தெரிந்து தொகை ஏறுகிறது. இதை அடைக்க நகையை அடகு வைப்பது, கம்பெனியில் அட்வான்ஸ் வாங்குவது, இன்னொரு ஆப்பில் வாங்குவது, மூன்றும் வேண்டாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு. அந்த ஆப்களில் ஏதாவது ஒன்று உண்மையிலேயே ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிதி நிறுவனத்துக்காக நடந்ததாக இருந்தால் அந்தக் கடன் சட்டப்படியான கடன்தான், அது மிரட்டலால் ரத்தாகிவிடாது. கடன் ஒப்பந்தத்தில் நிறுவனப் பெயர் இருக்கிறதா பாருங்கள். ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் டிஜிட்டல் கடன் ஆப்களின் பட்டியல் இருக்கிறது, அதில் தேடுங்கள். அது நிறுவனங்கள் தாங்களே கொடுத்த தகவலின் தொகுப்பு, நன்னடத்தைச் சான்றிதழ் இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். அப்படிப் பெயர் கிடைத்தால் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் கேட்டுக் கணக்கு விவரம் வாங்கி, அவர்களின் வங்கிக் கணக்குக்கு மட்டும் கட்டலாம். அவர்களின் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்குப் போன் செய்யக் கூடாது, உறவினரிடம் பேசி அவமானப்படுத்தவும் கூடாது. மீறினால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார், 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளரிடம். நீங்கள் விவரிக்கும் விதத்தைப் பார்த்தால் உங்களுடையது அப்படி இல்லை, பெயரே இல்லாத கும்பல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்படிப்பட்டவர்களைப் பற்றி ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ இணையதளத்தில் தெரிவிக்கலாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

முதலில் சாட்சியம். நீங்கள் ஆப்பை அழித்துவிட்டாலும் வாட்ஸ்அப் உரையாடல், கால் லிஸ்ட், யு.பி.ஐ. பரிவர்த்தனை, வங்கி ஸ்டேட்மெண்ட் இருக்கும். அவர்கள் எண்ணைப் பிளாக் செய்வதற்கு முன்பு ஒவ்வொன்றையும் எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், வெளிநாட்டு எண்ணாக இருந்தால் முன்னால் இருக்கும் நாட்டுக் குறியீடும் தெரிய வேண்டும். எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது, எந்த யு.பி.ஐ. எண்ணுக்கு எவ்வளவு போனது என்று ஒரு தாளில் எழுதுங்கள். கணக்குப் பார்ப்பவர் நீங்கள், உங்களைவிட இதை யாரும் நன்றாகச் செய்ய முடியாது, விசாரணை அதிகாரிக்கும் பணம் போன தடம்தான் முதல் பிடி.

அடுத்து 1930 என்ற சைபர் குற்ற உதவி எண். பணம் போனதைப் பற்றி இந்த எண்ணில் சொன்னால் வங்கிகளுக்குத் தகவல் போய், எதிரியின் கணக்கில் தொகை இன்னும் இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். பழைய தொகை கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் கடைசியாகக் கட்டியதற்காகவாவது உடனே செய்யுங்கள். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்து, அந்த எண்ணோடு உங்கள் மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்துக்குப் போங்கள். அங்கே போக வசதியில்லை என்றால் பக்கத்துக் காவல் நிலையத்திலேயே கொடுக்கலாம், எங்கள் எல்லை இல்லை என்று சொல்லக் கூடாது. பெண்ணை இழிவுபடுத்தும் குற்றம் இதில் இருப்பதால் உங்கள் புகாரைப் பெண் அதிகாரி பதிவு செய்ய வேண்டும் என்று கேளுங்கள். முதல் தகவல் அறிக்கை போட்டால் அதன் நகல் இலவசம். உடனே போடாவிட்டால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். வாங்கவே மறுத்தால் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்புங்கள், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். பெண்கள் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள், 15100 என்ற எண்ணில் கேட்டால் உங்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீலை ஏற்பாடு செய்யும்.

படத்தைப் பற்றி. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற இடங்களில் வந்துவிட்டால் அங்கேயே புகார் கொடுங்கள். மார்ஃபிங் செய்த நிர்வாணப் படத்தைப் பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்த 24 மணி நேரத்தைத் தாண்டி வைத்திருக்கக் கூடாது என்று 2021-ஆம் ஆண்டின் விதிகளே சொல்லிவிட்டன, 2026 பிப்ரவரியில் அந்த அவகாசத்தை 2 மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள். இன்னும் வராவிட்டால் முன்கூட்டியே தடுக்க ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்ற சேவை இருக்கிறது: படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது, படத்திலிருந்து எடுத்த ஒரு குறியீடு மட்டும் போகும், அதை வைத்து அந்தத் தளங்கள் ஏற்றும்போதே பிடிக்கும். வாட்ஸ்அப்பில் தனித்தனியாக அனுப்புவதை இது தடுக்காது, அதற்கு வழி நான் அடுத்துச் சொல்வதுதான்.

ஆதார், பான். ஆதார் எண் தெரிந்ததால் மட்டும் யாரும் உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியாது, விரல் ரேகையோ ஓ.டி.பி.யோ வேண்டும். ஆகவே ஆதார் ஆணையத்தின் தளத்தில் ரேகையைப் பூட்டி வையுங்கள், ஆதார் எங்கெல்லாம் பயன்பட்டது என்ற பட்டியலையும் பாருங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் தெரியும். யார் எவ்வளவு கடன் வாங்கினார் என்று பதிவு வைத்திருக்கும் சிபில் போன்ற நிறுவனங்கள் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகக் கொடுக்க வேண்டும், வாங்கிப் பார்த்து நீங்கள் வாங்காத கடன் இருந்தால் உடனே ஆட்சேபம் எழுதுங்கள். யு.பி.ஐ. ஆப்பில் தானாகவே பணம் எடுக்கும் ‘ஆட்டோபே’ ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள், பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்

அவர்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் நீங்கள் காக்கும் ரகசியம். “உன் சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தால்?” என்பதைத்தான் விற்றுக் காசு பார்க்கிறார்கள். நீங்களே முதலில் சொல்லிவிட்டால் விற்பதற்கு ஒன்றும் இருக்காது. கஷ்டமான காரியம் என்று தெரியும், ஆனால் இத்தனை வழக்குகளில் நான் பார்த்தவரை மிரட்டலை உண்மையில் சப்பென்று ஆக்கியது எந்தப் பிரிவும் இல்லை, இதுதான். இப்படி ஒரு செய்தி போதும், உங்கள் நிலைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்:

“என் போனில் இருந்த எண்களை ஒரு மோசடி லோன் ஆப் திருடிவிட்டது. என் முகத்தை வேறு படத்தில் ஒட்டி, பணம் கேட்டு மிரட்டுகிறார்கள். போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கு ஏதாவது வந்தால் பதில் பேச வேண்டாம், பணம் அனுப்ப வேண்டாம். வந்த எண்ணையும் நேரத்தையும் எனக்குச் சொல்லுங்கள், ரிப்போர்ட் செய்துவிட்டு பிளாக் செய்யுங்கள். அந்தப் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம், அனுப்புவதும் குற்றம்.”

கடைசி வரி முக்கியம். “ஐயோ பாவம், இப்படிச் செய்துவிட்டார்கள் பாருங்கள்” என்று பரிதாபத்தில் குடும்பக் குரூப்பில் போடும் ஆட்கள் எப்போதும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் அதே 67-ஆவது பிரிவு பொருந்தும்.

ஆசிரியையிடமும் சூப்பர்வைசரிடமும் நேரில் பேசிவிடுங்கள், இரண்டு நிமிஷம் போதும். கம்பெனியில் இதைக் காரணம் காட்டி யாராவது தரக்குறைவாகப் பேசினால், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும் என்பது நினைவில் இருக்கட்டும்.

கணவரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். கொழுந்தனாருக்குப் படம் போய்விட்டது, ஆகவே அவர் காதுக்கு இன்றோ நாளையோ போகத்தான் போகிறது. உங்கள் வாயிலிருந்து முதலில் கேட்பதும் தம்பி வாயிலிருந்து கேட்பதும் அவருக்கு ஒன்றல்ல. பள்ளிக் கட்டணத்துக்காக வாங்கினேன், இவ்வளவு வந்தது, இவ்வளவு கட்டினேன், இப்படி மிரட்டுகிறார்கள் என்று அந்தக் கணக்குத் தாளோடு உட்கார்ந்து சொல்லுங்கள். படத்தைக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் கடிதத்தில் அவர் முரட்டு ஆள் என்று எங்கும் இல்லை, ‘மனசு உடைந்துவிடுவார்’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஒருவேளை அடி உதை வரும் என்ற பயம் உள்ளுக்குள் இருந்தால் தனியாகச் சொல்லாதீர்கள், உங்கள் அம்மாவையோ அண்ணனையோ கூட வைத்துக்கொள்ளுங்கள், 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் இருக்கிறது.

இனிமேல் எதற்கும் நம்பரே கொடுக்கக் கூடாதா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். அப்படி வாழ முடியாது. ஆனால் எதற்குக் கேட்கிறார்கள் என்று ஒரு நொடி கேட்கலாம். ஜவுளிக்கடை பில் போட மொபைல் எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதமே சொல்லிவிட்டது, “வேண்டாம், பில் மட்டும் போடுங்கள்” என்று தாராளமாகச் சொல்லுங்கள். ஆதார் நகல் கேட்கும் லாட்ஜுக்கும் கூரியருக்கும் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். டார்ச் ஆப் காண்டாக்ட் கேட்டால், மகன் விளையாடும் கேம் மைக் கேட்டால், ‘டோன்ட் அலவ்’ அழுத்திப் பாருங்கள், பெரும்பாலும் அது இல்லாமலே ஓடும். இன்று ராத்திரி போனில் செட்டிங்ஸ் போய், ‘பெர்மிஷன் மேனேஜர்’ என்ற இடத்தைத் திறந்து, காண்டாக்டும் எஸ்.எம்.எஸ்.ஸும் எந்தெந்த ஆப்புக்குத் திறந்திருக்கிறது என்று பார்த்து மூடுங்கள். கணவரின் போனிலும், மகன் தொடும் போனிலும் கூட.

காவல் நிலையத்துக்குப் போகும்போது போன், ஸ்கிரீன்ஷாட்களின் அச்சுப் பிரதி, வங்கி ஸ்டேட்மெண்ட், கணக்குத் தாள், இணையப் புகார் எண், ஆதார் நகல், இவ்வளவும் இரண்டு செட் எடுத்துக்கொள்ளுங்கள். சி.எஸ்.ஆர். எண் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள், அடுத்த கட்டம் என்ன என்று பார்க்கலாம்.